வெஸினா கோப்பை வாங்கிய கோல்கீப்பரை வெகாஸ் ஏன் சும்மா கொடுத்தது?

நீங்கள் கேட்டது இது: 2021 ஜூன் மாதம், வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்-இன் சிறந்த கோல்கீப்பருக்கான வெஸினா கோப்பையை மார்க்-ஆண்ட்ரே ஃப்ளூரி வாங்கினார். அடுத்த மாதமே வெகாஸ் கோல்டன் நைட்ஸ் அவரைச் சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மைனர் லீக் வீரர் ஒருவரை மட்டும் வாங்கிக்கொண்டது. இது ஜெனரல் மேனேஜரின் (அணிக்கு வீரர்களை வாங்கி விற்று ஒப்பந்தம் போடுபவர்) அறியாமையா, முதலாளியின் கஞ்சத்தனமா, இனியும் இப்படி நடக்குமா என்று கேட்டிருந்தீர்கள். ஃப்ளூரி ஒரு உதாரணம்தான். கையில் பணம் இறுகும்போது ஒரு ஜெனரல் மேனேஜர் எப்படி யோசிக்கிறார் என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். டொராண்டோவில் கணக்குத் தணிக்கை என் தொழில். ஹாக்கியில் ஆட்டத்தைவிட ஒப்பந்தங்களைத்தான் பல ஆண்டுகளாக அதிகம் பின்தொடர்ந்திருக்கிறேன். எந்த அணியின் அலுவலகத்திலும் உட்கார்ந்தவன் அல்ல. அதனால் ஒப்பந்தக் கணக்கைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். யார் மனதில் என்ன இருந்தது என்பதை ஊகம் என்றே சொல்வேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஹாக்கி அணிக்கு இரண்டு விதமான இறுக்கம் உண்டு. ஒன்று லீக் விதிக்கும் சம்பள உச்சவரம்பு, எல்லோரும் கேப் என்று சொல்வது. 2004-05 சீசன் முழுவதும் தொழில் தகராறில் ரத்தான பிறகு வந்த விதி இது. முதல் வருடம் 39 மில்லியன் டாலர். எவ்வளவு பணக்கார முதலாளியாக இருந்தாலும் அதைத் தாண்டி வீரர்களுக்குச் செலவிட முடியாது. இன்னொன்று முதலாளியின் சொந்தப் பை. கேப்பில் இடம் இருந்தும் வங்கிக் கணக்கில் பணம் இல்லாத அணிகள் இருக்கின்றன. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வீரர் பரிமாற்றங்கள் நமக்குப் புரியாமல் போகின்றன. டொராண்டோவுக்கும் வெகாஸுக்கும் பணம் இருந்தது, இடம் இல்லை. ஒட்டாவாவுக்கும் அரிசோனாவுக்கும் இடம் இருந்தது, பணம் இல்லை. ஒருவருடைய பற்றாக்குறைக்கு மற்றவரிடம் மருந்து இருந்ததால் இவர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் போனார்கள்.

இதற்கு வழி செய்தது ஒரு கணக்கு விதி. ஒரு வீரர் கேப்பில் எவ்வளவு இடம் பிடிக்கிறார் என்பது அந்த வருடம் அவருக்குப் போகும் சம்பளம் அல்ல. ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை வருடங்களால் வகுத்த சராசரி. மேரியன் ஹோஸா 2009-ல் சிகாகோவுடன் போட்ட ஒப்பந்தம் 12 வருடம், 63.3 மில்லியன். கேப்பில் வருடத்துக்கு 5.275 மில்லியன். ஆனால் கடைசி நான்கு வருடங்களில் கைக்கு வரும் சம்பளம் தலா 1 மில்லியன்தான். தோல் நோயால் அவர் ஆட முடியாமல் போனபின், 2018-ல் சிகாகோ அந்த ஒப்பந்தத்தை அரிசோனாவுக்கு அனுப்பியது. ஆடவே போகாத ஒருவரை அரிசோனா ஏன் வாங்க வேண்டும்? கேப்புக்கு உச்சவரம்பு இருப்பதுபோல் தரையும் உண்டு. அதற்குக் கீழே எந்த அணியும் செலவிடக் கூடாது. 2019-20-ல் உச்சம் 81.5 மில்லியன் என்றால் தரை 60.2 மில்லியன். 1 மில்லியன் ரொக்கம் கொடுத்து ஏட்டில் 5.275 மில்லியன் செலவு காட்டலாம் என்றால், பணமில்லாத அணிக்கு அது வரம். கூடவே வின்னி ஹினோஸ்ட்ரோஸா என்ற நல்ல இளம் விங்கரும் (ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரர்) அரிசோனாவுக்கு வந்தார். கிறிஸ் ப்ராங்கர், பாவெல் டட்சுக் ஆகியோரின் ஒப்பந்தங்களும் முன்பே அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தன. 2013-ல் வந்த தொழிலாளர் ஒப்பந்தம், சம்பளத்தைக் கடைசி வருடங்களில் இப்படி அடியோடு இறக்கி எழுதுவதற்குக் கடிவாளம் போட்டுவிட்டது. ஆனாலும் பழைய ஒப்பந்தங்கள் ஓடி முடிய வெகுகாலம் ஆனது.

சரி, ஃப்ளூரி. அவருக்கு ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம், 7 மில்லியன். அதே அணியில் ராபின் லேனர் என்ற இன்னொரு கோல்கீப்பருக்கு 5 மில்லியன். ஒரே சமயத்தில் ஒருவர்தான் கோல் முன்னால் நிற்க முடியும். அந்த ஒரு இடத்துக்கு 12 மில்லியன் போகிறது. கேப் 81.5 மில்லியன். கொரோனாவால் லீக் வருமானம் விழுந்ததால் அந்த எண் 2019-20 முதல் 2021-22 வரை மூன்று சீசன் அசையவே இல்லை. வருடா வருடம் ஏறும் என்று நம்பி ஒப்பந்தம் எழுதிய எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டன. இதுதான் முக்கியம். விற்க வேண்டியவர்கள் பலர், வாங்க இடமுள்ளவர்கள் மிகச் சிலர். வீட்டைக் காலி செய்யும் நாள் நெருங்கும்போது பீரோவை விற்பவனுக்கு அந்தப் பீரோவின் மதிப்பு கிடைக்காது. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்ற விலைதான் கிடைக்கும். வெகாஸ் ஜெனரல் மேனேஜர் கெல்லி மெக்ரிம்மன் ஃப்ளூரியின் திறமைக்கு விலை பேசவில்லை. 7 மில்லியன் இடத்தை வாங்கினார். அதற்கு ஃப்ளூரியைக் கொடுத்தார். அப்படிப் படித்தால் அந்தப் பரிமாற்றத்தில் வெகாஸுக்கு வந்தது ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது.

அந்த இடம் நன்றாகப் பயன்பட்டதா என்பது வேறு கேள்வி, அதில் எனக்கு விமர்சனம் உண்டு. ஃப்ளூரி போன கையோடு ஒட்டாவாவிலிருந்து 5 மில்லியனுக்கு எவ்கெனி டடோனோவ் என்ற விங்கரை வாங்கினார்கள். நவம்பரில் பஃபலோவிலிருந்து ஜாக் ஐக்கெலைக் கொண்டுவந்தார்கள். அவருக்கு 10 மில்லியன். கழுத்து அறுவை சிகிச்சை முடிந்து ஐக்கெல் வரும் வரை அவர் நீண்டகாலக் காயப் பட்டியலில் இருந்ததால் கணக்கு தாங்கியது. அவர் திரும்பியதும் மறுபடி இறுக்கம். 2022 மார்ச்சில் டடோனோவை அனாஹைமுக்கு அனுப்ப, கூடவே ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமையையும் கூலியாகக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். தேர்வுரிமை என்பது வருடா வருடம் நடக்கும் டிராஃப்டில் புது இளம் வீரர் ஒருவரை எடுக்கும் உரிமை. ஆனால் டடோனோவின் ஒப்பந்தத்தில் அவர் போக மறுக்கக்கூடிய அணிகளின் பட்டியல் இருந்தது. அதில் அனாஹைமும் இருந்தது. லீக் அந்தப் பரிமாற்றத்தை ரத்து செய்தது. அந்த சீசனில் வெகாஸ் பிளேஆஃபுக்கே (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்கள்) போகவில்லை. ஜூனில் டடோனோவை மாண்ட்ரியலுக்குக் கொடுத்து, இனி ஆடப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த ஷே வெபரின் ஒப்பந்தத்தை வாங்கினார்கள். காயப் பட்டியலில் வைக்கும் ஒப்பந்தத்தின் அளவுக்கு கேப்பைத் தாண்டலாம் என்பதால், ஆடாத வெபர் அவர்களுக்கு ஆடும் டடோனோவைவிடப் பயன்பட்டார். அடுத்த வருடம், 2023-ல், லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றார்கள். பிளேஆஃபில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் ஐக்கெல். இதை வைத்து ஃப்ளூரியைக் கொடுத்ததே சரி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த 7 மில்லியன் காலியாகாமல் ஐக்கெல் வந்திருக்க முடியுமா என்பது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத விஷயம். ஒரே மேனேஜர் ஒரே வருடத்தில் இடத்தை விலை கொடுத்து வாங்கி, உடனே டடோனோவுக்காக வீணாக்கி, மறுபடி வாங்கினார் என்பது மட்டும் கண்கூடு.

எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். கரோலினா ஹரிகேன்ஸ் இரண்டு முறை இந்தப் பக்கம் இருந்து பெரிய லாபம் பார்த்தது. 2016-ல் சிகாகோ கேப்பில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. ஜொனாதன் டேவ்ஸ், பேட்ரிக் கேன் இருவருக்கும் மட்டும் தலா 10.5 மில்லியன். பிரையன் பிக்கெலின் 4 மில்லியனை யாராவது சுமந்தால் போதும் என்ற நிலை. கரோலினா சுமந்தது, ஆனால் கூலியாக டெவோ டெராவைனெனைக் கேட்டது. வயது 21, சிகாகோ வளர்த்த பிள்ளை. இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்றுத் தேர்வுரிமைகளைக் கொடுத்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் பல வருடம் கரோலினாவின் முதல் வரிசை விங்கர். அப்போது கரோலினா பணக்கார அணியும் அல்ல. கூட்டம் குறைவு, சம்பளச் செலவு குறைவு. அந்தக் குறைவே அவர்களிடம் இருந்த முதல்.

இரண்டாவது முறை 2019 ஜூன். டொராண்டோவில் காய்ல் டுபாஸ் மேனேஜர். டவாரெஸ், மேத்யூஸ், நைலாண்டர் மூவருக்கும் ஏற்கெனவே பெரிய ஒப்பந்தங்கள் எழுதியாகிவிட்டது. மார்னருக்கும் எழுத வேண்டும். நால்வரும் சேர்ந்து கடைசியில் கேப்பில் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொண்டார்கள். நடுவே பேட்ரிக் மார்லோவின் 6.25 மில்லியன். 35 வயதைத் தாண்டிய பிறகு போட்ட ஒப்பந்தம் என்பதால், பணம் கொடுத்து முறித்தாலும் கேப்பில் முழுத்தொகையும் நிற்கும். டொராண்டோவால் அதைச் செய்து பயனில்லை. கரோலினாவிடம் இடம் இருந்தது. மார்லோவை வாங்கி, உடனே முறித்து, ஏறக்குறைய 3.8 மில்லியன் ரொக்கம் செலவிட்டது. கூலி, 2020-இன் முதல் சுற்றுத் தேர்வுரிமை. அது 13-வது இடமாக விழுந்தது. அதில் எடுத்தவர் செத் ஜார்விஸ். இன்று கரோலினாவின் தூண்களில் ஒருவர். என் கணக்குத் தொழில் பார்வையில் இது முழுக்க முழுக்கக் கொள்முதல். அணிகள் ஒன்றுக்கொன்று ரொக்கம் கொடுத்துத் தேர்வுரிமை வாங்குவது 2005-க்குப் பிறகு அனுமதி இல்லை. ஆனால் இன்னொருவரின் சுமையை ஏற்றுக்கொண்டால் அதே காரியம் நடந்துவிடுகிறது. இந்த ஊரில் வாழ்பவன் என்ற முறையில் அந்தத் தேர்வுரிமை போனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சுமையைப் பங்கு போடுவதற்கும் வழி உண்டு. 2013 முதல், கொடுக்கும் அணி ஒரு வீரரின் சம்பளச் சுமையில் பாதி வரை தன் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம்; ஒரே சமயத்தில் மூன்று ஒப்பந்தங்கள் வரை. ஒரு ஒப்பந்தத்தை இரண்டு அணிகள் இப்படித் தாங்கலாம். 2021 ஏப்ரலில் டாம்பா பே டேவிட் சவார்டை வாங்கிய விதம் பாடப்புத்தகத்தில் போட வேண்டியது. அவர் கேப்பில் 4.25 மில்லியன். கொலம்பஸ் பாதியை வைத்துக்கொண்டு டெட்ராய்ட்டுக்கு அனுப்பியது; டெட்ராய்ட் மீதியில் பாதியை வைத்துக்கொண்டு டாம்பாவுக்கு அனுப்பியது. டாம்பாவின் கணக்கில் ஏறியது ஒரு மில்லியனும் கொஞ்சமும். நடுவில் நின்றதற்கு டெட்ராய்ட்டுக்கு நான்காம் சுற்றுத் தேர்வுரிமை, கொலம்பஸுக்கு முதல் சுற்றும் மூன்றாம் சுற்றும். மூன்றாவது தர டிஃபென்ஸ்மேன் ஒருவருக்கு இது கூடுதல் விலை போலத் தெரியும். ஆனால் அந்த விலையில் பாதி சவார்டுக்கு, பாதி இடத்துக்கு. அந்தக் கோடையில் டாம்பா கோப்பையை வென்ற கடைசி ஆட்டத்தின் ஒரே கோலுக்கு உதவியவர்களில் சவார்டும் ஒருவர்.

கேப் நாள் கணக்கில் ஓடுகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சீசன் முழுக்க 1 மில்லியன் இடத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்தால், பரிமாற்றங்களுக்கு மார்ச்சில் வரும் கடைசித் தேதியில் சீசனில் கால்பங்குக்கும் குறைவாகவே மீதி இருக்கும். அப்போது 4 மில்லியனுக்கு மேல் சம்பளமுள்ள வீரரை வாங்கலாம். இறுக்கமான அணிகள் அக்டோபரில் 23 பேருக்குப் பதில் 21, 22 பேரை வைத்து ஓட்டுவது இதற்காகத்தான். காயப் பட்டியலை நம்பி கேப்பைத் தாண்டிய அணிகளுக்கு இந்தச் சேமிப்பு கிடையாது. அதனால் அவர்களுடைய மேனேஜர்கள் சீசன் நடுவில் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

இனி இரண்டாவது இறுக்கம், முதலாளியின் பை. இங்கேதான் நான் எச்சரிக்கையாகப் பேச வேண்டும். கேப் கணக்கு எல்லாம் வெளியில் தெரியும். முதலாளி மேனேஜரிடம் ‘இவ்வளவுதான்’ என்று சொல்லும் தொகை வெளியில் வராது. பரிமாற்றங்களின் வடிவத்தை வைத்துத்தான் ஊகிக்க முடியும். யூஜின் மெல்னிக் முதலாளியாக இருந்த காலத்து ஒட்டாவா இதற்குச் சரியான உதாரணம். 2016 ஜூலையில் அந்த அணியின் மேனேஜர் பியர் டோரியன், மிகா ஸிபனெஜாட் என்ற 23 வயது சென்டரையும் (நடுவில் ஆடும் தாக்குதல் வீரர்) ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமையையும் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குக் கொடுத்து, 28 வயது டெரிக் ப்ராஸார்டை வாங்கினார். ரேஞ்சர்ஸ் ப்ராஸார்டின் 2 மில்லியன் டாலர் சைனிங் போனஸை (சம்பளத்தில் குறித்த தேதியில் மொத்தமாகத் தரும் பகுதி) கொடுத்து முடித்த பிறகுதான் பரிமாற்றம் நடந்தது. இது உண்மை. அந்த 2 மில்லியனுக்காகத்தான் நடந்தது என்பது ஊகம். ப்ராஸார்ட் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஹல் நகரில் பிறந்தவர், அனுபவசாலி. அடுத்த வசந்தத்தில் ஒட்டாவா கிழக்குப் பிரிவு இறுதியில் ஏழாவது ஆட்டத்தின் இரண்டாவது கூடுதல் நேரம் வரை போனது. அதனால் ஹாக்கிக் காரணமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் ஸிபனெஜாட் ஒரு வருடத்தில் புதிய, பெரிய ஒப்பந்தம் கேட்கப் போகிறவர். பணம் உள்ள அணி அந்த வயது சென்டரை விட்டுக்கொடுத்து, மேலே தேர்வுரிமையும் கொடுத்திருக்குமா என்று எனக்குப் பலத்த சந்தேகம் உண்டு. அவர் ரேஞ்சர்ஸின் முதல் வரிசை சென்டராகி இன்றும் அங்கேயே இருக்கிறார்.

அப்புறம் ஒட்டாவா 2018 செப்டம்பரில் எரிக் கார்ல்ஸனை சான் ஹோஸேவுக்கும், 2019 பிப்ரவரியில் மார்க் ஸ்டோனை வெகாஸுக்கும் கொடுத்தது. இருவருக்கும் ஒப்பந்தத்தின் கடைசி வருடம். கார்ல்ஸன் அடுத்த கோடையில் சான் ஹோஸேவில் வருடத்துக்கு 11.5 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். இப்படி விற்கும்போது எதிர்ப்பக்கத்து மேனேஜர்களுக்கு எல்லாம் தெரியும்: இவர்கள் தரப்போவதில்லை, நாளும் நெருங்குகிறது. அதனால் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நார்ரிஸ் கோப்பையை இரண்டு முறை வாங்கிய கார்ல்ஸனுக்குக்கூட அன்று நட்சத்திரம் யாரும் கிடைக்கவில்லை. கிடைத்ததில் ஒன்று சான் ஹோஸேவின் முதல் சுற்றுத் தேர்வுரிமை. அந்த அணி எதிர்பாராமல் சரிந்ததால் அது 2020-ல் மூன்றாவது இடமாக வந்து, டிம் ஸ்டூட்ஸ்லே ஆனது. அதே பரிமாற்றத்தில் வந்த ஜாஷ் நாரிஸ் என்ற வீரரும் நன்றாக வளர்ந்தார். இதைச் சாமர்த்தியம் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நான் அதிர்ஷ்டம் என்பேன். பரிமாற்றம் நடந்த அன்று சான் ஹோஸே கோப்பைக்கான அணியாகத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

அதே ஒட்டாவா தன் இடத்தை விற்கவும் கற்றுக்கொண்டது. 2019-ல் முதுகு நோயால் ஆட முடியாத ரையன் கேலஹனின் 5.8 மில்லியன் ஒப்பந்தத்தை டாம்பாவிடம் வாங்கியது. சம்பளத்தில் பெரும்பகுதியைக் காப்பீடு தாங்கியது, ஏட்டில் தரை நிரம்பியது. 2020 டிசம்பரில் ஆட முடியாத மரியன் காபோரிக், ஆண்டர்ஸ் நில்ஸன் ஆகியோரின் ஒப்பந்தங்களை டாம்பாவுக்கு அனுப்பி, ஆடக்கூடிய பிரேடன் கோபர்ன், செட்ரிக் பக்கெட் இருவரையும் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமையையும் வாங்கியது. டாம்பாவுக்குக் காயப் பட்டியல் ஒப்பந்தம் வேண்டும், ஒட்டாவாவுக்கு ஆளும் தேர்வுரிமையும் வேண்டும்.

மினசோட்டாவையும் விட்டுவிட மனமில்லை, ஏனென்றால் அங்கே இறுக்கம் அணி தானே வரவழைத்துக்கொண்டது. 2012-ல் ஸாக் பரீஸே, ரையன் சூட்டர் இருவருக்கும் தலா 13 வருடம், 98 மில்லியன். 2021-ல் மேனேஜர் பில் கெரின் இருவரையும் பணம் கொடுத்து விடுவித்தார். அதன் தண்டனை, 2023-24, 2024-25 சீசன்களில் ஆடாத இருவருக்காகக் கேப்பில் ஏறக்குறைய 14.7 மில்லியன் போனது. அது வருவது முன்கூட்டியே தெரிந்ததால், 2021-22-ல் 85 புள்ளிகள் எடுத்த கெவின் ஃபியாலாவுக்குப் புது ஒப்பந்தம் தர இடமில்லை. கெரின் கடைசி நாள் வரை காத்திருக்கவில்லை. 2022 ஜூனிலேயே லாஸ் ஏஞ்சலீஸுக்குக் கொடுத்து, 19-வது தேர்வுரிமையையும் ப்ராக் ஃபேபரையும் வாங்கினார். ஃபேபர் இன்று அந்த அணியின் முக்கிய டிஃபென்ஸ்மேன். வெகாஸும் மினசோட்டாவும் ஒரே இறுக்கத்தில் இருந்தன. ஒருவர் தேதி நெருங்கியபின் விற்றார், மற்றவர் பல அணிகளுக்கு இடம் இருந்தபோதே விற்றார். இறுக்கத்தில் இருக்கும் மேனேஜரை நான் எடைபோடுவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

இனியும் நடக்குமா என்று கேட்டீர்கள். கேப் 2024-25-ல் 88 மில்லியன், 2025-26-ல் 95.5 மில்லியன், 2026-27-க்கு 104 மில்லியன் என்று லீக் முன்பே அறிவித்துவிட்டது. இடமுள்ள அணிகள் பெருகியதால், நல்ல வீரரைச் சும்மா கொடுக்கும் கட்டாயம் குறைந்திருக்கிறது. சுமை தூக்குவதற்கான கூலியும் குறையும். பிளேஆஃபிலும் கேப் கணக்கு பார்க்கும் விதி 2025-26 முதல் வந்துவிட்டதால், காயப் பட்டியல் வழியும் குறுகிவிட்டது. பழைய ஒப்பந்தங்களின் இருப்பிடமாக இருந்த அரிசோனா 2024-ல் யூட்டாவுக்குப் போய், பணமுள்ள கைகளில் இருக்கிறது. ஆனால் உச்சம் ஏறும்போது தரையும் ஏறுகிறது: 2025-26-ல் 70.6 மில்லியன், 2026-27-ல் 76.9 மில்லியன். 2019-20-ல் 60.2 மில்லியன் கொடுக்கவே சிரமப்பட்ட முதலாளிகளின் இடத்தில் இன்று இருப்பவர்கள் அதைவிட 16 மில்லியனுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். அதனால் இனி வெகாஸ் போன்ற அணிகளைவிட, சிறிய ஊர்களின் மேனேஜர்கள் கோடையில், சைனிங் போனஸ் தேதிகளை ஒட்டி, யாரைக் கொடுத்து யாரை வாங்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.